அத்தியாயம் 7: சட்டத்தைப் பற்றிய கட்டுரையில் எது இருக்கலாம்?

ஊரைப் பற்றிய கட்டுரையையும் ஆளைப் பற்றிய கட்டுரையையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். சட்டத்தைப் பற்றி எழுதும்போதுதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதிலும் மனித உரிமைச் சட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். சட்டத்தின் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டு, அந்தச் சட்டம் எந்தத் துயரத்தைப் பற்றியதோ அதன் முழு வரலாற்றையும் கீழே கொட்டிவிடுவார்கள். பத்துப் பத்தி தாண்டினாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று வாசகருக்குத் தெரியாது.

இந்த அத்தியாயத்துக்கு இரண்டு சட்டங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, 2020-இல் அமெரிக்கா இயற்றிய உய்குர் மனித உரிமைக் கொள்கைச் சட்டம். மற்றது, 2021-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இயற்றிய தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம். இரண்டுமே, ஒரு நாட்டில் ஒரு மக்களுக்கு நேர்ந்ததைப் பற்றி வேறொரு நாட்டில் உள்ள சட்டமன்றம் இயற்றியவை. முதலாவது நமக்கு எட்டத்தில் இருக்கிறது, இரண்டாவது நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது.

புதுச்சேரி மூலக்குளத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதப் பழக வரும் பிள்ளைகளிடம் உய்குர் சட்டத்தைத்தான் முதலில் கொடுப்பேன். அந்த விஷயத்தில் நமக்குச் சொந்தக் கோபம் கிடையாது. எந்த வாக்கியம் வேண்டும், எது வேண்டாம் என்று பதறாமல் முடிவெடுக்கலாம். அங்கே கையில் எடுத்த அளவுகோலை ஒன்டாரியோ சட்டத்துக்கு வரும்போது கீழே வைத்துவிடக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்ல வருவது.

சட்டத்தின் வாசகம்

செய்தித்தாளைப் படித்துவிட்டுச் சட்டத்தைப் பற்றி எழுத உட்காராதீர்கள். சட்டத்தையே படியுங்கள். ஒன்டாரியோ சட்டம் மிகச் சிறியது. ஒரு முகவுரை இருக்கிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மே 18-இல் முடியும் ஏழு நாட்களைத் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரமாக அறிவிக்கும் பிரிவு வருகிறது. அந்த வாரத்தில் தமிழ் இனப்படுகொலையைப் பற்றியும் உலக வரலாற்றில் நடந்த பிற இனப்படுகொலைகளைப் பற்றியும் அறிந்துகொள்ளுமாறு ஒன்டாரியோ மக்கள் அனைவரும் ஊக்குவிக்கப்படுகிறார்கள். பிறகு சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும், அதன் பெயர் என்ன என்ற வழக்கமான வரிகள். அவ்வளவுதான்.

பள்ளிகளில் கட்டாயப் பாடம் வைக்கச் சொல்லும் பிரிவு அதில் இல்லை. மறுப்பவருக்குத் தண்டனை இல்லை. இலங்கை அதிகாரி எவர் மீதும் தடை இல்லை. ஆனால், “கனடா சட்டம் இயற்றி இனப்படுகொலையைப் பாடமாக்கியது” என்கிற வாக்கியம் என்னிடம் வரும் வரைவுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழை. இயற்றியது கனடா நாடாளுமன்றம் இல்லை, ஒரு மாகாணத்தின் சட்டமன்றம். பாடமாக்கவும் இல்லை, ஒரு வாரத்தை அறிவித்து ஊக்குவித்தது. சட்டத்தை ஒருமுறை வாசித்திருந்தால் இரண்டுமே வந்திருக்காது.

உய்குர் சட்டம் நீளமானது. அமெரிக்கக் காங்கிரஸ் தான் கண்டறிந்ததாகச் சொல்லும் செய்திகள் ஒரு பிரிவில் இருக்கின்றன. சீனாவின் ஜின்ஜியாங்கில் உய்குர்களையும் கசாக், கிர்கிஸ் போன்ற பிற இஸ்லாமியச் சிறுபான்மையினரையும் சித்திரவதை செய்தவர்கள், வழக்கோ விசாரணையோ இல்லாமல் நெடுநாள் அடைத்து வைத்தவர்கள், கடத்தி மறைத்தவர்கள் யார் யார் என்று 180 நாட்களுக்குள் காங்கிரஸுக்குப் பட்டியல் தருமாறு குடியரசுத் தலைவரைச் சட்டம் பணிக்கிறது. பட்டியலில் உள்ளவர்களின் அமெரிக்கச் சொத்தை முடக்க வேண்டும், விசா மறுக்க வேண்டும். தேசிய நலன் என்று கருதினால் குடியரசுத் தலைவர் விலக்கும் தரலாம். வெளியுறவுத் துறை, எஃப்.பி.ஐ., உளவுத் துறை மூன்றும் தனித்தனி அறிக்கை தர வேண்டும். கட்டுரையின் நடுப்பகுதி முழுக்க இந்த விவரந்தான் இருக்க வேண்டும். சொந்தச் சொல்லில், சுருக்கமாக, எந்தப் பிரிவு என்ற எண்ணோடு எழுதுங்கள். இதை எழுதச் சலிப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசகர் இதைத் தேடித்தான் வருகிறார்.

எந்த நாள் சட்டத்தின் நாள்?

நாள் விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதல் பயிற்சி உண்டு. நம் ஊர் எப்போது இந்தியாவோடு சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்ஸும் ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்த உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. எல்லா நாளும் சரி. எந்த நாள் எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் போட்டால் அதுதான் பிழை.

அதே கண்ணோடு உய்குர் சட்டத்துக்கு வாருங்கள். 2019 செப்டம்பரில் ஒரு மசோதா செனட்டில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 3-இல் பிரதிநிதிகள் சபை அதைப் பெரிதாகத் திருத்தி 407–1 என்ற கணக்கில் நிறைவேற்றியது. இரண்டு அவைகளின் வாசகமும் ஒத்துப்போகாமல் அது அங்கேயே நின்றுபோனது. செனட்டர் மார்கோ ரூபியோ கொண்டுவந்த புதிய மசோதா 2020 மே 14-இல் செனட்டிலும், மே 27-இல் 413–1 என்று பிரதிநிதிகள் சபையிலும் நிறைவேறியது. ஜூன் 17-இல் டிரம்ப் கையெழுத்திட்டார். 407-ஐயும் 413-ஐயும் குழப்பி, 2019 மசோதாவின் வாக்கை 2020 சட்டத்தின் மேல் ஏற்றிய வரைவுகள் ஏராளம். முன்னோடி மசோதாவுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். அது வேறு மசோதா என்று அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு முறையும் எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவர் கென்டக்கி உறுப்பினர் தாமஸ் மாசி. அயல்நாட்டு உள்விவகாரத்தில் நாம் தலையிட்டால் அவர்கள் நம் விவகாரத்தில் தலையிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இதைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஒரே வரி. நடுநிலை என்ற பெயரில் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், 413 பேருக்கு எத்தனை பத்தி ஒதுக்குவீர்கள்?

ஒன்டாரியோ சட்டத்துக்கு நாள் சிக்கல் குறைவு. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது, எண் 104. 2021 மே 6-இல் நிறைவேறி, மே 12-இல் ஒப்புதல் பெற்றது. இங்கே சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2022 மே 18-இல் கனடாவின் மக்களவை, மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அது சட்டம் இல்லை. மாகாணச் சட்டத்தையும் மக்களவைத் தீர்மானத்தையும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து எழுதுவது நம் இதழ்களில் சர்வசாதாரணம். கலைக்களஞ்சியத்தில் அது கூடாது. உய்குர்களுக்கும் இதே கதை உண்டு. 2021 பிப்ரவரி 22-இல் அதே கனடா மக்களவை 266–0 என்று இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேற்றியது. அமைச்சரவை ஒதுங்கிக்கொண்டது. அதுவும் தீர்மானந்தான்.

முகவுரையில் இருக்கும் எண்கள்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் மூள்கின்றன.

ஒன்டாரியோ சட்டத்தின் முகவுரையில் இலங்கைப் போரில் இறந்தவர் எண்ணிக்கை வருகிறது. 2009-இல் 40,000 முதல் 75,000 வரை தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிடுகிறது என்றும், வேறு மதிப்பீடுகள் 1,46,679 என்று சொல்கின்றன என்றும் அது குறிப்பிடுகிறது. ஒரு மாணவி இதை அப்படியே தன் வரைவின் இரண்டாவது வரியாக வைத்திருந்தாள். “2009-இல் 1,46,679 பேர் கொல்லப்பட்டனர்.” சான்றாகச் சட்டத்தையே கொடுத்திருந்தாள்.

“சட்டத்துலயே இருக்கே சார். இதைவிடப் பெரிய சான்று என்ன வேணும்?”

“சட்டத்துல இருக்குங்கறதுக்குச் சட்டம் சான்று. நடந்துச்சுங்கறதுக்கு அது சான்று ஆகுமாம்மா?”

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அந்த எண்ணின் வேரைத் தேடு என்றேன். தேடிப் பார்த்தால் அது மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்பிடம் போய் நிற்கிறது. 2011 ஜனவரியில், இலங்கை அரசின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்த கணக்கு அது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள்தொகை என்று அரசு அலுவலகக் கணக்கு காட்டியது 4,29,059. அதன்பின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. கழித்தால் மிச்சம் 1,46,679. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆயர் கேட்டார். கணக்கில் வராதவர்கள் என்பதுதான் அவர் வைத்த தலைப்பு. பத்தாண்டு கழித்து ஒன்டாரியோவின் முகவுரைக்கு வந்து சேர்ந்தபோது அந்த எண் இறந்தவர் மதிப்பீடு ஆகிவிட்டது.

கீழ் எண்ணுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் தந்த அறிக்கை, 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்ற தொனியில் பேசியது. அடுத்த ஆண்டு வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. இரண்டும் திட்டவட்டமான தொகைகள் அல்ல.

இப்போது கேள்வி: இந்தக் கதையையெல்லாம் சட்டத்தைப் பற்றிய கட்டுரையில் எழுதலாமா? எழுதக் கை அரிக்கும். தேடிக் கண்டுபிடித்த உழைப்பு வீணாகப் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் கூடாது என்பதுதான் என் தீர்ப்பு. முகவுரையின் எண்ணையும் ஆயரின் கழித்தலையும் பக்கத்தில் வைத்து, “முகவுரை பொருள் மாற்றிச் சொல்கிறது” என்று நாமே எழுதினால் அது நம் சொந்த ஆய்வு ஆகிவிடும். ஒரு சட்ட அறிஞரோ ஆய்வாளரோ இந்தச் சட்டத்தின் முகவுரையைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லிச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் சட்டக் கட்டுரையில் இரண்டு செய்தி போதும்: முகவுரை இந்த எண்களைக் குறிப்பிடுகிறது, முதல் எண்ணை ஐ.நா.வுக்கும் அடுத்ததை வேறு மதிப்பீடுகளுக்கும் உரியதாகச் சொல்கிறது. ஆயரின் கணக்கு போரின் இறுதிக்கட்ட உயிரிழப்புகள் பற்றிய கட்டுரைக்குப் போக வேண்டும். அங்கே அதற்கு நல்ல இடம் உண்டு, முழுக் கழித்தலோடு.

அந்த மாணவி உய்குர் வரைவில் இதைத் தானாகவே சரியாகச் செய்திருந்தாள் என்பதுதான் வேடிக்கை. “தடுத்து வைக்கப்பட்டோர் பற்றி அமெரிக்கக் காங்கிரஸ் கண்டறிந்ததாகச் சட்டம் கூறுவது” என்று கவனமாக எழுதியிருந்தாள். அமெரிக்கக் காங்கிரஸ் சொன்னால் சந்தேகப்படுகிற கை, ஒன்டாரியோ சட்டமன்றம் சொன்னால் அப்படியே எழுதிவிடுகிறது. தூரமும் நெருக்கமும் செய்கிற வேலை இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நடுநிலை காட்டுகிறேன் பேர்வழி என்று சிலர் சட்டத்தின் பெயரிலேயே மேற்கோள் குறி போடுவார்கள்: தமிழ் “இனப்படுகொலை”க் கல்வி வாரச் சட்டம் என்று. அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான். சட்டத்துக்கு அதுதான் பெயர். பெயரைப் பெயராக எழுதுங்கள். உங்கள் வாயால் பேசும் வாக்கியங்களில் மட்டும் யார் சொன்னது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தால் நடந்தது, சட்டத்துக்குப் பிறகு நடந்தது

2020 ஜூலை 9 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை, ஜின்ஜியாங் கட்சிச் செயலாளர் சென் குவாங்குவோ உள்ளிட்ட அதிகாரிகள் சிலர் மீது தடை விதித்தது. சட்டத்தில் கையெழுத்தாகி மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. “இச்சட்டத்தின் கீழ் முதல் தடை விதிக்கப்பட்டது” என்று எழுதத் தோன்றுமா, தோன்றாதா? எல்லாருக்கும் தோன்றும். ஆனால் கருவூலத் துறையின் அறிவிப்பைத் திறந்து பார்த்தால், அந்தத் தடை, மனித உரிமை மீறுவோர் மீது தடை விதிக்க வழிசெய்யும் உலகளாவிய மக்னிட்ஸ்கி சட்டத்தையும் அதை நடைமுறைப்படுத்த 2017-இல் பிறப்பிக்கப்பட்ட நிர்வாக ஆணையையும் ஆதாரமாகக் கொண்டது. உய்குர் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தடையை விதித்திருக்க முடியும்.

ஆகவே ஒரு சோதனையைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சான்றாகக் காட்டும் மூலம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்கிறதா? சொன்னால் வாக்கியம் உள்ளே வரலாம். சொல்லாவிட்டால், எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் அது வேறொரு கட்டுரைக்கு உரியது. இந்தச் சோதனைக்கு ஒரே விலக்கு பின்னணிப் பத்தி. அது ஒன்றே ஒன்றுதான், ஆறேழு வரிக்கு மேல் போகக்கூடாது. உய்குர்கள் யார், ஜின்ஜியாங் எங்கே இருக்கிறது, தடுப்பு முகாம்களைப் பற்றி என்ன குற்றச்சாட்டு, அவை தொழிற்பயிற்சி மையங்கள் என்று சீனா தரும் பதில் என்ன. இவ்வளவும் ஒரே பத்தியில் அடங்கும். மற்றதற்கு இணைப்புக் கொடுங்கள்.

அதே சோதனையை டிரம்ப் விஷயத்தில் போட்டுப் பாருங்கள். கையெழுத்திட்ட அதே ஜூன் 17-இல் டிரம்பின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டனின் நூற்பகுதிகள் வெளிவந்தன. முகாம்களைக் கட்டச் சொல்லி ஷி ஜின்பிங்கிடம் டிரம்பே பேசினார் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. டிரம்ப் மறுத்தார். கையெழுத்துச் செய்தியை எழுதிய நாளிதழ்கள் அநேகமாக எல்லாமே இரண்டையும் சேர்த்தே எழுதின. ஆகவே ஒரு வாக்கியம் நிற்கும், குற்றச்சாட்டும் மறுப்புமாக. அதே நாளில் டிரம்ப் வெளியிட்ட கையெழுத்து அறிக்கை இதைவிட முக்கியமானது. தடைகளை விலக்கும் தன் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு உட்பிரிவை ஆலோசனையாக மட்டுமே கொள்வேன் என்று அதில் சொல்லியிருந்தார். சட்டம் எப்படி நடைமுறைப்படும் என்பதைத் தொடும் செய்தி இது. பரபரப்பு இல்லாததால் பெரும்பாலான வரைவுகளில் காணாமல் போகிறது.

இன்னொரு குழப்பம். 2021 டிசம்பர் 23-இல் பைடன் கையெழுத்திட்டது உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம். ஜின்ஜியாங்கில் முழுதாகவோ பகுதியாகவோ உற்பத்தியான பொருள் கட்டாய உழைப்பில் உருவானது என்றே கருதப்படும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது என்பது அதன் சாரம். 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பருத்தி சம்பந்தப்பட்டது என்பதால் திருப்பூர் வாசகர் ஒருவர் தேடி வந்தால் அநேகமாக இதைத்தான் தேடி வந்திருப்பார். தனிச் சட்டம், தனிக் கட்டுரை. ஆனால் அதன் ஒரு பிரிவு 2020 சட்டத்தைத் திருத்தி, கட்டாய உழைப்போடு தொடர்புடைய கடும் உரிமை மீறலையும் தடைக்கான காரணமாகச் சேர்த்தது. அந்தத் திருத்தம் 2020 சட்டத்தின் கட்டுரையில் அவசியம் இருக்க வேண்டும். இந்த ஒரு நூலிழைத் தொடர்பைக் கண்டுபிடித்து எழுதுகிறவர்தான் நல்ல தொகுப்பாளர்.

வழக்குகள்

சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்திருந்தால் அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். ஒன்டாரியோ சட்டத்தை எதிர்த்து இலங்கை வம்சாவளி கனடியர் அமைப்புகள் சில வழக்குத் தொடுத்தன. மாகாணத்துக்கு இப்படிச் சட்டம் இயற்ற அதிகாரம் உண்டா, கருத்துரிமையும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டனவா என்பவைதான் கேள்விகள். 2022-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கல்வி மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அந்தத் தீர்ப்பின் வழி. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றே சொன்னது, ஆனால் வேறு வழியாக. சட்டத்தின் தலையாய நோக்கம் கல்வி இல்லை, ஒன்டாரியோத் தமிழர் பட்ட அனுபவத்தை ஏற்று நினைவுகூர்வதே என்று அது கண்டது. 2025 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

இதை எழுதும்போது “இனப்படுகொலை நடந்தது என்று கனடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது” என்ற வாக்கியம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும். வழக்கின் கேள்வி அது இல்லை. சட்டம் செல்லுமா என்பதே கேள்வி. அதே போல, எதிர்த்தவர்களின் வாதத்தையும் ஒழுங்காக எழுத வேண்டும், அவர்களே படித்தாலும் “ஆமாம், நாங்கள் சொன்னது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி. இலங்கை அரசின் எதிர்ப்புக்கும், உய்குர் சட்டத்துக்குச் சீன வெளியுறவு அமைச்சகம் காட்டிய எதிர்ப்புக்கும் இதே நியாயம்தான். எதிர்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

குடும்பக் கதை

புதுச்சேரியில் ஒப்படைப்பு உடன்படிக்கை பற்றிய கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை ஒருவராவது தாத்தாவின் கதையோடு வருவார். இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள் என்றும், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே தொடரலாம் என்றும் அதில் விதி உண்டு. தாத்தா எழுதிக் கொடுத்தார், பென்ஷன் வந்தது, பெரியப்பா மார்சேய் போனார். எல்லாம் உண்மையாகவே இருக்கும். கட்டுரையில் நிற்பது அந்த ஆறு மாத விதி மட்டுந்தான். தாத்தாவைப் பற்றித் தனியாக எழுதுங்கள், குடும்ப வரலாறாக எழுதுங்கள், நான் முதல் ஆளாக வாசிப்பேன். 2009 போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் உறவை இழந்தவர் ஒன்டாரியோ சட்டக் கட்டுரைக்கு வரும்போது இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வது அவ்வளவு எளிதாக இருக்காது. வெட்டிவிட்டுப் போகாமல், பேச்சுப் பக்கத்தில் காரணத்தை மரியாதையோடு எழுதி, எந்தக் கட்டுரையில் அவர் தரும் செய்திக்கு இடம் உண்டு என்றும் காட்டுங்கள்.

பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. அச்சில் பக்கம் முடிந்தால் கட்டுரை முடிந்தது. வெட்டுகிற வேலையைத் தாளே பாதி செய்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. இணையத்தில் எவ்வளவு போட்டாலும் இடம் இருக்கிறது. அதனால் வெட்டுவதை நாமேதான் செய்ய வேண்டும்.

கடைசியாக, விட மனமே வராத ஒரு செய்தி. 2022 அக்டோபர் 6-இல், ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் ஒரே நாளில் இரண்டு வாக்கெடுப்புகள். ஜின்ஜியாங் நிலைமையை விவாதிக்கவாவது செய்யலாம் என்ற முன்மொழிவு 17 ஆதரவு, 19 எதிர்ப்பு, 11 ஒதுங்கல் என்று தோற்றது. இலங்கை பற்றிய தீர்மானம் 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 ஒதுங்கல் என்று வென்றது. இலங்கைத் தீர்மானத்தைச் சீனா எதிர்த்தது. இந்தியா இரண்டிலும் ஒதுங்கிக்கொண்டது. உய்குரையும் ஈழத்தையும் ஒரே பத்தியில் வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்காது. இதழ்க் கட்டுரை என்றால் நானே இதை முதல் வரியாக வைப்பேன். ஆனால் இந்த வாக்கெடுப்புகள் அமெரிக்கச் சட்டத்தாலும் நடக்கவில்லை, ஒன்டாரியோ சட்டத்தாலும் நடக்கவில்லை. இரண்டு கட்டுரையிலும் இதற்கு இடம் கிடையாது. பேரவையின் அந்தக் கூட்டத்தொடரைப் பற்றிய கட்டுரையில் இரண்டு தனித்தனி வரிகளாக வரும்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி: உய்குர் சட்டத்துக்கு விக்கிப்பீடியாவின் மணல்தொட்டியில், அதாவது பயிற்சிப் பக்கத்தில், ஒரு வரைவு எழுதுங்கள். மேலே சொன்ன சோதனையை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வைத்து வெட்டுங்கள். மறுநாள் அதே சோதனையோடு ஒன்டாரியோ சட்டத்துக்கு வரைவு எழுதுங்கள். அமெரிக்கச் சட்டத்தின் வாசகம் காங்கிரஸ் இணையதளத்திலும், ஒன்டாரியோ சட்டத்தின் வாசகம் அந்த மாகாண அரசின் சட்டத் தளத்திலும், தீர்ப்புகள் கனடாவின் பொதுச் சட்டக் களஞ்சியத் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றை வாசித்து முடித்த பிறகு முதல் வரியை எழுதுங்கள்.